எஸ். சந்திரசேகரைக் கேட்டேன், எஸ். சந்திரசேகர்தான் வந்தார்: 5க்கு 2 ஸ்டார்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பேக்கிங் பிரமாதம். பழைய புத்தகம்தானே என்று கவரில் திணிக்காமல், முனை மடங்காதபடி இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து அனுப்பியிருந்தார்கள், நாலே நாளில் கைக்கு வந்துவிட்டது. கோளாறு உள்ளே இருந்த புத்தகத்தில்.

நான் ஆர்டர் போட்டது நட்சத்திரங்களின் உள்ளமைப்பு பற்றி எஸ். சந்திரசேகர் எழுதி 1939இல் வெளிவந்த புத்தகத்தை. வந்தது, எஸ். சந்திரசேகர் எழுதி 1977இல் வெளிவந்த 'லிக்விட் கிரிஸ்டல்ஸ்'. போன் போட்டால், "ஆசிரியர் பேரு சரியாத்தானே சார் இருக்கு?" என்கிறார் கடையில் போனை எடுத்த தம்பி. சரியாகத்தான் இருக்கிறது, என்னத்தைச் சொல்ல.

இந்த இருவரையும் குழப்பிக்கொள்வது ரொம்பச் சுலபம் என்பதால் முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. இரண்டு பேரும் இயற்பியல்காரர்கள், இரண்டு பேரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள், போதாக்குறைக்கு இரண்டு பேருமே சர் சி.வி. ராமன் குடும்பம்: மூத்தவர் அண்ணன் மகன், இளையவர் சகோதரி மகன். மூத்தவர்தான் நான் கேட்ட நட்சத்திரப் புத்தகக்காரர், 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். வெண்குறு விண்மீனின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரத்தின், நிறை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது தாக்குப்பிடிக்காது என்று கணக்குப் போட்டவர், 1983இல் நோபல் வாங்கியவர். அவருடைய 'எஸ்', அப்பா சுப்பிரமணிய ஐயரின் பெயர். நம் ஊரில் அது இனிஷியல், வெளிநாட்டில் அதுவே முதல் பெயராகிவிட்டது.

இளையவர், எனக்கு வந்த புத்தகத்துக்காரர், சிவராமகிருஷ்ண சந்திரசேகர். திரவப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல்) என்பது திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம் போல ஓரளவு ஒழுங்காக நிற்கும் பொருள். அதுவரை திரவப் படிகம் என்றால் குச்சி மாதிரி நீண்ட மூலக்கூறுகள்தான் என்று இருந்ததை, பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் 1977இல் இவரும் கூட இருந்தவர்களும் மாற்றிக் காட்டினார்கள். தட்டையான மூலக்கூறுகளும், சில்லறைக் காசை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போலத் தூண் தூணாக நின்று திரவப் படிகம் ஆகும் என்பது அவர்கள் கண்டது. தப்பாக வந்த புத்தகத்தை ராத்திரி ஒரு மணி வரை புரட்டிக்கொண்டிருந்தேன், அது வேறு கதை.

ஆனால் ஒன்றை மட்டும் மன்னிக்க முடியாது. இவர்கள் தளத்தில் ஆசிரியர் பக்கத்தைத் திறந்தால், இரண்டு பேர் புத்தகமும் ஒரே வரிசையில் கிடக்க, மேலே படமாக இருப்பவர் பி.எஸ். சந்திரசேகர்! வலது கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு நிற்கிறாரே, போலியோ தாக்கிய அதே கையால் 1971இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்த்தவர், அவரேதான். 58 டெஸ்ட்டில் 242 விக்கெட், அடித்த ரன் 167. நோபல் அவருக்கும் கொடுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இனிஷியலையாவது பார்க்க வேண்டாமா?

பாதிப் பணம் திருப்பித் தருகிறோம், புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வைத்துக்கொண்டேன். பேக்கிங்குக்கு ஒரு ஸ்டார், அந்தத் தம்பியின் பொறுமைக்கு ஒன்று. நட்சத்திரப் புத்தகம் இன்னும் 'கையிருப்பு 1' என்றே காட்டுகிறது. அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லியிருக்கிறேன்.