புதியது என்று விற்கப்பட்ட பழைய ஹார்ட் டிஸ்க்: வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

வீட்டுக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள், எந்த நிறுவனத்தின் பொருள் நல்லது என்று விசாரிப்பதற்கு முன்பே, கடைக்காரர் கையில் கொடுப்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் தாள் சொல்கிற பொருள்தானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில் எனக்கு நேர்ந்ததை, இனி ஒருவரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் கணினி படுக்கையறையில்தான் இருக்கிறது. தூக்கம் எளிதில் கலைந்துவிடும் வயதான என் தாயாரும் அதே அறையில்தான் படுக்கிறார். குடும்பப் புகைப்படங்களையும் காணொளிகளையும் சேமிக்க 4 டிபி (டெராபைட்) கொள்ளளவு போதும், ஆனால் சத்தம் இருக்கக் கூடாது என்பதால், நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வீட்டு உபயோக ரகம் ஒன்றின் மாடல் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய், அதுதான் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய், சீல் வைத்த உறையில் இருந்த ஒன்றை எடுத்து வந்தார். மேலிருந்த தாளில் நான் கேட்ட மாடல் எண்ணே இருந்தது. பில்லில் சீரியல் எண்ணையும் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, கணினி பில் வாட்ஸ்அப்பில் வரும், அதில் எல்லா விவரமும் இருக்கும் என்றார். பிறகு வந்த பில்லில் ‘4 டிபி ஹார்ட் டிஸ்க் – 1’ என்ற ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கணினியில் பொருத்தி இயக்கிய உடனேயே கேபினட் முழுவதும் அதிரும்படி ஒரு ரீங்காரம் எழுந்தது. கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கட்டையால் தட்டுவது போன்ற ஒலி வேறு. புதிய டிஸ்க்கில் முதல் சில நாள் இப்படித்தான் இருக்கும் என்று தொலைபேசியில் கடைக்காரர் சொன்ன சமாதானம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. சுழலும் வேகத்தை ஒலியை வைத்தே ஓரளவு கண்டறியலாம். நிமிடத்திற்கு 5400 சுற்று என்றால் நொடிக்கு 90, 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் நிறுவி, கேபினட்டின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது, உச்சம் 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 அதிர்வில், இருந்தது. மின்விசிறிகளும் அந்த அளவில் ஒலி எழுப்பக்கூடும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் பார்த்தேன், உச்சம் மறைந்துவிட்டது.

அதன் பிறகு ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது உண்மை தெரிந்தது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தெரிவித்த மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் மேலே ஒட்டியிருந்த தாளோடு பொருந்தவில்லை. தாள் சொன்னது 5400 சுற்று கொண்ட வீட்டு ரகம். உள்ளே இருந்தது, நிறுவனங்களின் தரவைச் சேமிக்கும் டேட்டா சென்டர்களில் இரவு பகலாக ஓடும் 7200 சுற்று ரகம். இயங்கிய நேரம் மட்டும் ஒற்றை இலக்கத்தில், அன்று காலையில்தான் பிறந்தது போலக் காட்டியது. உள்ளிருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டபோது, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. அந்த ரகத்திற்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 5 ஆண்டுகள். அப்படியானால் அது தொழிற்சாலையை விட்டு வெளியேறி அதற்கும் மேலான காலம் ஆகியிருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். திருகு துளைகளில் பலமுறை திருகிய தேய்மானம் இருந்தது, இணைப்பு முனைகளின் பொன்பூச்சில் கீறல்கள் இருந்தன.

கடைக்காரரிடம் இவற்றையெல்லாம் காட்டியபோது, பில்லில் சீரியல் எண் இல்லையே, இது எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர் கேட்டார். சீரியல் எண்ணை எழுதாமல் விட்டது எதற்காக என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இது ஒரு கடையோடு நிற்கும் மோசடி அன்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சீகேட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ரக டிஸ்க்குகள், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய பிறகு, ஓடிய நேரக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது ஜெர்மனியில் வெளிச்சத்திற்கு வந்தது. டிஸ்க் இடத்தைக் கொண்டு ஈட்டப்படும் சியா என்ற மெய்நிகர் நாணயத்திற்காக வாங்கிக் குவிக்கப்பட்டு, அது இலாபம் தராமல் போனதும் கைமாறியவை என்று பலரும் கருதினார்கள். டிஸ்க் தன் இயக்கத்தைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ எனப்படும் வழக்கமான பதிவேட்டை அழித்தவர்கள், ‘ஃபார்ம்’ என்ற பெயரில் அந்நிறுவனத்தின் டிஸ்க்குகளில் இருக்கும் இன்னொரு பதிவேட்டை விட்டுவிட்டார்கள். உண்மையான மணிக்கணக்கு அதில் இருந்தது. சீகேட் டிஸ்க் வாங்குவோர் ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பில் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் பெரிதும் வேறுபட்டால் அந்த டிஸ்க் பழையது.

எந்த நிறுவனம் நம்பகமானது என்ற கேள்விக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் இன்று எஞ்சியிருப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களே. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகள் பழுதாகும் விகிதத்தை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அதைப் படிப்பவர்கள் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. சீகேட்டின் 3 டிபி மாடலான எஸ்டி3000டிஎம்001 அந்தப் பட்டியலில் மிக மோசமாகப் பழுதாகி, 2016இல் அமெரிக்காவில் வழக்கு வரை போனது. அதே நிறுவனத்தின் 4 டிபி மாடல் அதே பட்டியலில் அதைவிட வெகு நன்றாகத் தாக்குப்பிடித்தது. மேலும் அந்தப் பட்டியலில் சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, ஏனெனில் டேட்டா சென்டரில் யாரும் உறங்குவதில்லை.

வெளியே தெரியாத இன்னொரு வேறுபாடும் உண்டு. எஸ்எம்ஆர் என்ற பதிவு முறையில், தரவு எழுதப்படும் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். அதனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகம் குறைந்துவிடுகிறது. கணினி சும்மா இருக்கும் நேரத்திலும் டிஸ்க் தன் உள்வேலையை முடிக்க, படித்து எழுதும் முனையை நகர்த்திக்கொண்டே இருப்பதால், அமைதி வேண்டுவோருக்கு இது இரட்டைத் தொல்லை. தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் முறையில் இந்தத் தொல்லை இல்லை. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் புகுத்தியது தெரியவந்து, வாடிக்கையாளர்களின் கண்டனத்திற்குப் பிறகே மாடல் பட்டியலை வெளியிட்டது. மற்ற இரு நிறுவனங்களும் சில மாடல்களில் அதையே செய்திருந்தன. இன்று வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் ஆகிய வரிசைகள் சிஎம்ஆர் என்று அந்தந்த நிறுவனங்களே அறிவித்துள்ளன. சீகேட்டின் பாரகுடாவில் பல கொள்ளளவுகள் எஸ்எம்ஆர்.

வேகத்தைப் பற்றிய சொற்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அதே 2020இல், ‘5400 வகுப்பு’ என்று குறிக்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில 8 டிபி டிஸ்க்குகள் உண்மையில் 7200 சுற்று சுழல்வதை, நான் மேலே சொன்ன ஒலிச் சோதனையைப் போன்ற ஒன்றால்தான் பயனாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே சத்தத்தை அறிய, நிறுவனத்தின் விவரத்தாளில் ஒலி அளவு டெசிபெல்லில் தரப்பட்டிருக்கும் வரியைப் படியுங்கள். சும்மா சுழலும்போது எவ்வளவு, முனை நகர்ந்து தரவைத் தேடும்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். கேபினட்டில் டிஸ்க் பொருத்தும் இடத்தில் ரப்பர் வளையங்கள் இருந்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். விண்டோஸைச் சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியில் வைத்து, ஹார்ட் டிஸ்க்கைச் சேமிப்புக்கு மட்டும் பயன்படுத்தினால் பெரும்பாலான நேரம் அது சுழல வேண்டிய தேவையே இராது.

வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்பே மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பில்லில் ஏறியிருக்க வேண்டும். மறுத்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். சீரியல் எண்ணை அங்கேயே கைபேசியில் நிறுவனத்தின் தளத்தில் இட்டு, இந்தியாவில் உத்தரவாதம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ‘கடை வாரண்டி’ என்பது தயாரிப்பாளரின் உத்தரவாதம் ஆகாது. வீட்டில் உறையைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். டிஸ்க் காட்டும் எண்கள் தாளோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்ட பிறகு, டிஸ்க் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நீண்ட சுயபரிசோதனையை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். அது முடியும்வரை பழைய டிஸ்க்கில் இருப்பவற்றை அழிக்காதீர்கள், ஏனெனில் எந்த உத்தரவாதமும் உள்ளே இருந்த புகைப்படங்களைத் திருப்பித் தராது.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வாட்ஸ்அப் உரையாடலும், பணம் செலுத்திய யுபிஐ பதிவும், அதே நாளில் எடுத்த படங்களும் என் புகாருக்குத் துணையாக இருக்கின்றன. புகார் பதிவானதும் கடைக்காரர் வேறொரு டிஸ்க் தருவதாகச் சொல்லியனுப்பினார். அதே அலமாரியிலிருந்து வரும் இன்னொன்றை என்னால் நம்ப முடியாது என்பதால், முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.