வீசத்திலிருந்து காலுக்கு: மாவட்டச் சட்ட உதவி மையம் குறித்து ஒரு பயனாளியின் மதிப்பீடு

பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்க நினைக்கும் பெண்கள் பலர், வக்கீல் கட்டணத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தே பின்வாங்கிவிடுகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்தார். 2021 பிப்ரவரியில் அவரை எங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சேவையைப் பயன்படுத்தி வருகிறோம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். குறைந்த ஒன்றரை எங்கே போயிற்று என்பதையும், அப்படியிருந்தும் பெண்களை நான் அங்கே போகச் சொல்வது ஏன் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலமான ஆண்டு 2001. பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார். உயில் கிடையாது. பல தலைமுறையாக வந்த பூர்வீக நிலம் கிணற்றோடு சேர்த்து 2 ஏக்கர் 40 சென்ட். வாரிசுகள் என் மாமாக்கள் இருவர், அம்மா, சித்தி ஆக நான்கு பேர். அம்மாவுக்கு 1984இலும் சித்திக்கு 1991இலும் திருமணம் நடந்தது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளையும் தங்கையையும் சட்டம் பிரித்தது இந்த இடத்தில்தான். மகளுக்கும் பிறப்பால் சொத்துரிமை உண்டு என்று தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன் திருமணமாகிவிட்ட மகள்களை அது விலக்கி வைத்தது. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். அறுபது ஆண்டுகள் கழித்து வந்த சட்டத்திலும் அம்மாவைப் போன்றவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனால் அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு உரிமை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, உங்களுக்கு வழக்கே இல்லை என்று ஒரு தனியார் வழக்கறிஞர் அம்மாவைத் திருப்பி அனுப்பினார். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிபந்தனையை நீக்கி, மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை எப்போது இறந்தார் என்பது பொருட்டல்ல என்று தீர்ப்பளித்தது. எங்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

இனி அலுவலகத்தைப் பற்றி. முதல் நாள் முகப்பு மேசையில் இருந்தவர் அம்மாவிடம் வருமானச் சான்று கேட்டார். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. வருமான வரம்பு பெண்களுக்குப் பொருந்தாது. அவருடைய முதுகுக்குப் பின்னால் தொங்கிய பலகையிலேயே அது எழுதியிருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் மனுவை வாங்கினார். நான் உடன் போகாமல் இருந்திருந்தால் அம்மா தாலுகா அலுவலகத்துக்குப் போய் அலைந்திருப்பார். ஒருவேளை திரும்பியே வந்திருக்க மாட்டார். இதைச் சிறிய பிழையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு. பெண்களுக்கெனத் தனி ஏற்பாடுகள் செய்யலாம் என்கிறது 15(3). பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது 39ஏ. அந்த மேசை இம்மூன்றும் வந்து சேரும் இடம். அங்கே இருப்பவர் இதைத் தானமாகக் கருதினால், வருகிற பெண்ணும் கைகட்டித்தான் நிற்பாள்.

முதலில் ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் எங்களுக்கு வாய்க்கவில்லை. தட்டச்சுச் செலவுக்கென்று பணம் கேட்டார். இரண்டு வாய்தாக்களுக்கு வரவும் இல்லை. ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். செயலாளராக இருப்பவர் ஒரு நீதித்துறை அதிகாரி. அவர் இரண்டு வாரத்துக்குள் வேறு வழக்கறிஞரை நியமித்தார். இலவச வழக்கறிஞரை மாற்றக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்கலாம், வாய்மொழியாகக் கேட்காமல் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர் முப்பது வயதைத் தாண்டாத பெண் வழக்கறிஞர். நான் தரும் மூன்றரையில் பெரும்பகுதி அவருக்கே உரியது. முதல் சந்திப்பில் சட்டப் புத்தகத்தைத் திறக்காமல், ஒரு தாளின் பின்பக்கத்தில் பதினாறு கட்டங்கள் வரைந்தார். 1989 சட்டப்படி தாத்தா, மாமாக்கள் இருவர், சித்தி ஆகிய நால்வருக்கும் நந்நான்கு கட்டங்கள். தாத்தாவின் நான்கு கட்டங்கள் பிள்ளைகள் நால்வருக்கும் ஒவ்வொன்றாகப் போகும். ஆக மற்ற மூவருக்கும் ஐந்து ஐந்து, உங்களுக்கு ஒன்று என்று சொல்லி ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கோடு போட்டார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு வீசம்" என்றார். பதினாறில் ஒரு பங்கு, அதாவது 15 சென்ட். பிறகு வழக்கறிஞர் 2020 தீர்ப்புப்படி நான்கு கட்டங்களைச் சேர்த்துக் கோடு போட்டு, "இப்போது கால் பங்கும்மா, 60 சென்ட்" என்றார். இந்தக் கணக்கில் சித்தியின் பங்கு 75 சென்டிலிருந்து 60 ஆகக் குறைகிறது. வழக்கில் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் அக்காவுக்கு உரியது அக்காவுக்குப் போகட்டும் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்.

பங்காளி என்ற சொல்லை நம் ஊர்களில் ஆண்களுக்கே சொல்லிப் பழகியிருக்கிறோம். வாதுரையில் அம்மாவைப் பங்காளி என்று அந்த வழக்கறிஞர் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நிலம் எப்போதோ வாய்மொழியாகப் பாகம் பிரிக்கப்பட்டுவிட்டது என்பது மாமாக்களின் வாதம். பொது ஆவணங்களின் வலுவான ஆதாரம் இல்லாமல் வாய்மொழிப் பாகப்பிரிவினையை ஏற்கக் கூடாது என்று அதே 2020 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பட்டாவோ கூட்டாகவே இருந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பத்திரப் பதிவோடு பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருந்தால் 2005 திருத்தத்தைக் கொண்டு அதைத் திறக்க முடியாது. ஆகவே போவதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களும் கையில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும்.

நான் அதிகம் வருந்தியது மக்கள் நீதிமன்றத்தில் நடந்ததைப் பற்றி. மூன்று லட்சம் ரூபாய் தருகிறோம், தொடர்ந்து சீர் செய்கிறோம் என்றார்கள் மாமாக்கள். அமர்வில் இருந்த ஒருவர், கூடப் பிறந்தவர்களோடு எதற்கம்மா வழக்கு, பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டாமா என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்வியை மாமாக்களிடம் அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சமரசம் நல்லதுதான், அங்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே பிறப்பிக்கும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, இரு தரப்பும் சம்மதிக்காமல் அதைப் பிறப்பிக்கவும் முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வர ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. அம்மா எழுந்து வந்தார். நான் குறைத்த ஒன்றரை மதிப்பெண்ணில் ஒன்று இதற்காகத்தான்.

செலவு என்று பார்த்தால் வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம் எதுவும் நாங்கள் கட்டவில்லை. ஆவண நகல்களும் பேருந்துக் கட்டணமும் மட்டும் எங்களுடையவை. காலம்தான் நீளும், 2021இல் தொடுத்த வழக்கில், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது 2024இல். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம்.

நிலத்தை அளந்து பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனுவிலும் அதே வழக்கறிஞரே தொடர வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். சென்ற மாதம் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையரும் நில அளவரும் வந்து நிலத்தை அளந்தார்கள். கிணற்றைத் துண்டாட முடியாது என்பதால், நான்கு நாளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை என்று அறிக்கையில் எழுதும்படி அம்மா கேட்டிருக்கிறார்.