டயட்டில் தலைவலி வந்தால் ‘கழிவு வெளியேறுது’ என்பார்கள், நம்பாதீர்கள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வாட்ஸ்அப் குழு வழியாக எடைக் குறைப்பு பேக்கேஜ் வாங்கியவர்களும் வாங்க யோசிப்பவர்களும் இதைப் படியுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். காலையில் ஷேக், மதியம் வெறும் காய், இரவு மறுபடியும் ஷேக். காபி, டீ, உப்பு மூன்றுக்கும் முதல் நாளே தடை. மூன்றாம் நாள் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்று எழுதினால், "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி, தொடருங்க" என்று பதில் வரும். இரண்டு வாரமாகியும் வலி விடவில்லை என்றால் இன்னொரு டப்பாவை விற்பார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் அன்றாடம் செய்கிற வேலை. அதனால் யாருக்கும் தலை வலிப்பதில்லை. வலிக்குக் காரணம் வேறு.

பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். சோறு, இட்லியை நிறுத்தியதும் உடம்பு சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு கரையும். ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் போய்விடும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பிலுள்ள சோடியத்தையும் அதிகமாக வெளியேற்றும். முதல் வாரம் தராசில் தெரிகிற இறக்கத்தில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர், கொழுப்பு இல்லை. அந்த எண்ணைக் காட்டித்தான் அடுத்த மாதப் பணம் கேட்கிறார்கள். இந்த நிலையில் உப்பையும் நிறுத்திவிட்டு, அக்னி நட்சத்திர வெயிலில் கோட்டையைச் சுற்றி நடந்தால் தலைவலியும் எழுந்ததும் கிறுகிறுப்பும் வராமல் என்ன செய்யும்? வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். நாள் முழுவதற்கும் சேர்த்து அரை டீஸ்பூன் உப்பு போட்ட மோர் இரண்டு மூன்று டம்ளர் குடித்துப் பாருங்கள். நம் ஊர்க் கேழ்வரகுக் கூழில் மோர் கரைத்துக் குடித்தாலும் சரி. ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள்.

காபியை ஒரேயடியாக விட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், 9 நாள் வரைகூட இழுக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்தால் இந்த வேதனை இல்லை.

சர்க்கரை மாத்திரை போடுபவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு மாவுச்சத்தை வெட்டினால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். தலைவலி, வியர்வை, கை நடுக்கம் வரும். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்கள் மாவுச்சத்தை அறவே குறைக்கும் கீட்டோ டயட் பக்கமே போகவேண்டாம். மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

‘மூலிகை’ என்று லேபிள் இல்லாமல் தரும் கேப்சூலைத் தொடாதீர்கள். சிபுட்ராமின் என்ற பசியடக்கி மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது; 2011-இல் இந்தியாவிலும் தடை வந்தது. அதன் பிறகும் பல நாடுகளில் எடைக் குறைப்பு ‘மூலிகை’ப் பொருட்களில் அது கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும், தலைவலியும் தரும்.

அடுத்தது, இந்தக் குழுக்களில் யாருமே சொல்லாதது. உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு மண்டைக்குள் நீரழுத்தம் ஏறும் நோய் ஒன்று உண்டு. படுத்தாலும் குனிந்தாலும் வலி கூடும், காதில் நாடித்துடிப்போடு ‘உஷ் உஷ்’ சத்தம் கேட்கும், பார்வை சில நொடி இருண்டு தெளியும். எடை குறைப்பது இதற்குச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஆனால் ‘டயட் வலி’ என்று தள்ளிப்போட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுக் கண் நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வலி மாத்திரையும் கணக்கோடு இருக்கட்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் பாராசிட்டமால் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், கைகால் மரத்தல், பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், "தொடருங்க" என்று வந்த செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து நீக்கிய பிறகு எல்லாம் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அது பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கவேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.