பாதிரியார் வீட்டுக் கொலை: ஹிக்சனா, மெக்யுவனா?

அகதா கிறிஸ்டி 1930ல எழுதுன 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' தான், துப்பறியுற பாட்டி மிஸ் மார்ப்பிள் வர்ற முதல் நாவல். செயின்ட் மேரி மீட் கிராமத்துல பாதிரியார் வீட்டு ரூம்லயே கர்னல் புரோதரோவை சுட்டுப் போட்டுடுறாங்க, மேஜைல கடிகாரம் 6:22ல நின்னு கிடக்கு, ஆனா அது எப்பவுமே கால் மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடுற கடிகாரம்னு வீட்டு ஆளுங்களுக்குத் தான் தெரியும், இந்த இடம் படிக்கும்போது எனக்கு சிலிர்த்துடுச்சு.

இத பிபிசி 1986ல டிவிக்கு எடுத்ததுல மார்ப்பிளா ஜோன் ஹிக்சன். சத்தமே போடாம, பின்னல் ஊசியோட உக்காந்து எல்லாரையும் பாத்துட்டே இருப்பாங்க, அந்தக் கண்ணு ஒண்ணு போதும்.

பிரிட்டிஷ் சேனல் ஐடிவி 2004ல எடுத்ததுல மார்ப்பிளா ஜெரால்டின் மெக்யுவன். கலரும் வேகமும் நல்லாருக்கு, கர்னலா டெரெக் ஜேக்கபி வேற, ஆனா மார்ப்பிளுக்கு முதல் உலகப்போர் காலத்து காதல் ஒண்ண புதுசா சேத்துட்டாங்க, அது நாவல்லயே கிடையாது. நாவல்ல கதை சொல்றதே பாதிரியார் தான், மார்ப்பிள் பக்கத்து வீட்டுப் பாட்டியா ஓரமா தான் இருப்பாங்க, அந்த அழகு இதுல போயிடுச்சு.

எனக்கு ஹிக்சன் தான். முதல்ல நாவல படிச்சுட்டு அப்புறம் பாருங்க.