டி.கியூ. என்றால் தகுதி நீக்கம் அன்று: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு விசாப் படிவக் கடை

சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு பதினொரு மணியளவில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளையிடமிருந்து மகளுக்கு "டி.கியூ. ஆயிடுச்சு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அங்கே அது பகல் நேரம்; அனுப்பிய கையோடு அவர் ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டார், நாங்கள் அழைத்தபோது எடுக்கவில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் கோட்டைத் தாண்டி ஓடிய பிள்ளையை வெளியேற்றும்போது மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டிருந்த எங்கள் குடும்பம், மகளின் விசா கைவிட்டுப் போயிற்று என்று முடிவு செய்துகொண்டு விடியும் வரை விழித்திருந்தது. மறுநாள் காலை, எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மகன் ஜெராக்ஸ் எடுக்கப் போய்வந்து எங்களுக்கு அறிமுகப்படுத்திய படிவக் கடையின் ஷட்டர் பாதி ஏறும்போதே நான் போய் நின்றேன். கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைப் படித்தார். "டிஸ்குவாலிஃபை இல்லீங்கண்ணே. பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போங்க" என்றார். கேட்ட ஆவணங்களும் கட்டணங்களும் முழுமையாக வந்து சேர்ந்துவிட்டன, இனி நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கலாம் என்று சொல்வதற்கு, அமெரிக்காவின் தேசிய விசா மையமான என்.வி.சி. பயன்படுத்தும் சுருக்கம் அது. டாக்குமென்டரிலி குவாலிஃபைட், அதாவது ஆவண அளவில் தகுதி பெற்றது என்பதே அதன் பொருள்.

கடையின் வெளியே ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் படிவம் என்று வழக்கமான பலகைதான் தொங்குகிறது. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூலையில் உறை போட்டு மூடிய பழைய ரெமிங்டன் தட்டச்சுப் பொறி. ஒரு காலத்தில் அந்த அம்மாள் அதே இடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, இப்பகுதிப் பிள்ளைகளை லோயர், ஹயர் தேர்வுகளுக்குத் தயார் செய்தவர். அந்தப் பழக்கமோ என்னவோ, ஓர் எழுத்தோ புள்ளியோ அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. படிவம் நிரப்பித் தரும் கடைகள் வடசென்னையில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. ஆனால் படிவத்தில் வரும் சுருக்கம் ஒவ்வொன்றையும் விண்ணப்பிப்பவருக்கு விளக்கி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போவது என்ற பிடிவாதம் உள்ள கடை, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஒரே ஆண்டில் இரண்டு விண்ணப்பங்கள் நடந்தன. மகன் மேல்படிப்புக்கு எஃப்-1 விசா கேட்டான். கிரீன் கார்டு வைத்திருக்கும் கணவரோடு போய்ச் சேர மகள் எஃப்2ஏ பிரிவில் காத்திருந்தாள். இரண்டிலும் எஃப் இருப்பதால் இரண்டும் ஒரே வகை என்று நான் நினைத்திருந்ததை அந்த அம்மாள் அரை மணி நேரம் செலவழித்துத் திருத்தினார். மாணவர் விசாவில் வரும் எஃப், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் தற்காலிகமாக வருவோரை வகைப்படுத்தும் உட்பிரிவின் எழுத்து. எச்-1பி-யில் உள்ள எச்சும் அதே வரிசையில் வருவதுதான். மாணவருக்கு எஃப்-1 என்றால், அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எஃப்-2. குடியேற்ற விசா வரிசை எங்கே நிற்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உள்ள எஃப் என்பதோ குடும்பத்தைக் குறிப்பது. அங்கே எஃப்1 என்றால் அமெரிக்கக் குடிமக்களின் 21 வயது நிறைந்த, மணமாகாத பிள்ளைகள். எஃப்2ஏ என்றால் கிரீன் கார்டுக்காரரின் கணவன், மனைவி, 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள். எஃப்4 என்றால் குடிமக்களின் உடன்பிறந்தோர். மாணவர் எஃப் படிப்பு முடிந்ததும் திரும்பி வருவதற்கு, குடும்ப எஃப் அங்கேயே குடியேறுவதற்கு. நடுவில் போடும் ஒரு சிறு கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாமல் நாங்கள் ஏற்கெனவே பணம் இழந்திருந்தோம். நகரின் நடுப்பகுதியில், ஏசியும் சோபாவும் காபியும் உள்ள ஓர் ஆலோசனை அலுவலகத்தில், பெயரைச் சொல்ல விரும்பவில்லை, மகளின் வழக்கு எஃப்-2 என்று கோப்பில் எழுதிக்கொண்டு நாலாயிரம் ரூபாய் வாங்கிய பிறகு, மாப்பிள்ளையின் ஐ-20 வேண்டும் என்று கேட்டார்கள். ஐ-20 என்பது கல்லூரி தன் மாணவருக்குக் கொடுக்கும் சான்று. மாப்பிள்ளை படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மகளுக்காக அவர் போட்டிருந்தது ஐ-130 என்னும் உறவினர் மனு. இரண்டு வாரம் தேடி, பழைய கல்லூரிக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் இந்தக் கடைக்கு வந்தபோதுதான் அப்படி ஒரு தாளே தேவையில்லை என்று தெரிந்தது.

அடுத்த குழப்பம் ஏ.ஓ.எஸ். அந்த அம்மாள் எப்போதும் கேட்கும் கேள்வி, "யாரு எழுதினது, எந்தக் கட்டத்துல எழுதினது?" என்பது. அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே ஐ-485 படிவம் போட்டுக் கிரீன் கார்டு கேட்பவர் ஏ.ஓ.எஸ். என்று எழுதினால் அது நிலை மாற்றம். இந்தியாவில் இருக்கும் மனைவிக்காக என்.வி.சி.யிடம் ஆவணம் கொடுப்பவர் ஏ.ஓ.எஸ். என்று எழுதினால் அது ஐ-864, அதாவது இவரை நான் பராமரிப்பேன் என்று மனு போட்டவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஆதரவு உறுதிமொழி. எழுத்து மூன்றும் ஒன்றே என்றாலும் மகளுக்குப் பொருந்துவது இரண்டாவது மட்டும். அதேபோல் மனு எண்ணையும் வழக்கு எண்ணையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக் காட்டினார். குடியேற்றத் துறை தரும் ரசீது எண்ணில் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் இருக்கும், என்.வி.சி. தரும் வழக்கு எண் நேர்காணல் நடக்கும் தூதரகத்தின் குறியோடு தொடங்கும். மகளின் எண் பி.எம்.பி. என்று தொடங்கியது. அது மும்பையின் குறி. 1995-ல் ஊருக்குப் பெயர் மாற்றியும் பம்பாய் அந்த மூன்று எழுத்துக்குள் இன்னும் குடியிருப்பதைப் பார்த்து, மெட்ராஸ்காரனான எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நான் காத்திருந்த ஒரு நாளில், ராயபுரத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர் வந்திருந்தார். அவர் கையில் சி.டி.சி., அதாவது கடலோடிகளுக்கு வழங்கப்படும் பணிப் பதிவேடு. கேட்டது சி1/டி விசா. கப்பலில் ஏறுவதற்காக அமெரிக்கா வழியாகச் செல்லும் ஊழியர்களுக்கு உரியது. அவருக்குப் பின்னால் ஐரோப்பாச் சுற்றுலாவுக்கு விண்ணப்பிக்க வந்திருந்த தம்பதிக்கு வேண்டியதும் சி விசாதான், ஆனால் அது ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்குவதற்கானது. என் கையிலிருந்த விசா புல்லட்டின் தாளிலும் சில கட்டங்களில் சி என்று இருந்தது. வரிசை இல்லை, எல்லோருக்கும் இப்போதே விசா எண் கிடைக்கும் என்று அங்கே பொருள். மூன்று தரப்பையும் சேர்த்து வைத்து அவர் பாடம் நடத்தியதில், முன்பின் தெரியாதவர்களான நாங்கள் சிறிது நேரம் ஒரு வகுப்பு மாணவர்கள் போல ஆகிவிட்டோம்.

நம்மவர்களுக்கு இந்தக் கடை அதிகம் பயன்படுவது பெயர் விஷயத்தில்தான். தகப்பனார் பெயரை இனிஷியலாக மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தால், தமிழர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது. என் மகனுக்கும் அப்படித்தான். அம்மாள் அவன் பாஸ்போர்ட்டைப் பிரித்து, போட்டோ உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளின் கீழே, தாளைத் தொடாமல், பென்சில் முனையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். வரிக்கு 44 இடங்கள். முதல் வரியில் நாட்டின் குறிக்குப் பிறகு குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறிகள், பிறகு சொந்தப் பெயர் என்பது முறை. அப்படிப் பிரிக்க இரண்டாவது பெயர் இல்லாததால், டி.எஸ்.160 என்னும் அமெரிக்கத் தற்காலிக விசாவுக்கான ஆன்லைன் படிவத்தில் சர்நேம் கட்டத்தில் அவன் பெயரையும், அடுத்த கட்டத்தில் எஃப்.என்.யு. என்றும் போட வேண்டும் என்றார். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெற்று, பெயர் வைத்து, பத்தொன்பது ஆண்டு அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவள் நான்; தெரியவில்லை என்று எப்படி எழுதலாம் என்று என் மனைவி சண்டைக்கே போய்விட்டாள். மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டாள். கல்லூரி ஆவணங்கள் ஏற்கெனவே அந்தப் பெயரிலேயே வந்துவிட்டதால் எதையும் மாற்றாமல் ஒரே சீராகக் கொண்டு போவதே நல்லது என்று அம்மாள் பொறுமையாகச் சொன்னார். துபாய்ப் பக்கம் போகிறவர்களை மட்டும் அவர் கூடுதலாக எச்சரிக்கிறார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அமீரகம் விதி கொண்டுவந்தது. அப்படித் திருப்பி அனுப்பப்படுபவரை ஐ.என்.ஏ.டி. என்று எழுதுவார்களாம்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு இ.சி.ஆர். என்றால் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் என்பதையும், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த அனுமதி தேவைப்படாது என்பதையும், சிங்கப்பூருக்கு ஐ.பி.ஏ. என்றால் கொள்கையளவிலான ஒப்புதல் மட்டுமே என்பதையும் அவர் நன்றாகவே சொல்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் சுருக்க அட்டவணையை அவர் புதுப்பிக்கவே இல்லை. இங்கிலாந்துக்கு பி.ஆர்.பி., அதாவது வசிப்பு அனுமதி அட்டை என்று அதில் இன்னும் இருக்கிறது. 2024 முடிவோடு அந்த அட்டைகளின் காலம் முடிந்து இணையவழி விசா வந்துவிட்டது. கனடாவின் எஸ்.டி.எஸ். என்னும் விரைவு மாணவர் விசா வழியும் அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு ஜி.டி.இ. (உண்மையான தற்காலிக வருகையாளர்) என்றிருப்பதை ஜி.எஸ். (உண்மையான மாணவர்) என்று மாற்ற வேண்டும். சுட்டிக்காட்டியபோது "அது பழைய சார்ட்டுண்ணே, வாயால சொல்லும்போது சரியாத்தான் சொல்லுவேன்" என்றார். அது உண்மைதான் என்றாலும், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அந்தச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். இன்னொன்று, நேரம். டி.எஸ்.160 தளம் இருபது நிமிடம் கை வைக்காமல் விட்டால் வெளியே தள்ளிவிடும். விளக்கத்தில் மூழ்கி அவர் சேமிக்க மறந்ததால் மகனின் விண்ணப்பத்தில் இரண்டு பக்கங்களை மீண்டும் நிரப்ப நேர்ந்தது.

டி.எஸ்.160-க்கு அவர் வாங்கியது 600 ரூபாய். 185 டாலர் விசாக் கட்டணம், மாணவர் பதிவு அமைப்பான செவிஸுக்கு 350 டாலர் கட்டணம் ஆகியவற்றை நம் கார்டிலேயே நம்மையே கட்டச் சொல்கிறார். தன் வழியாகப் பணம் போவதை அவர் விரும்புவதில்லை. நேர்காணலுக்குப் பதில் சொல்லிக் கொடுக்க மாட்டார், கடைசிப் பக்கத்தில் உள்ள கையொப்பப் பொத்தானையும் விண்ணப்பிப்பவரே அழுத்த வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் பிரின்ட் கூட்டம் சேர்ந்துவிடுவதால் காலையில் போவது நல்லது. பாஸ்போர்ட்டை அட்டை உறையிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். உறையோடு நீட்டினால் வாங்கிக்கொள்ள மாட்டார்.