கூஸ்பெரியில் சாம்பல் நோய்: கந்தகமா, கவாத்தா, வேறு ரகமா?

முதலில் ஒன்று: கூஸ்பெரி நம் நெல்லிக்காய் இல்லை. நெல்லியை ஆங்கிலத்தில் இந்தியக் கூஸ்பெரி என்பார்கள், அவ்வளவுதான். இது குளிர்நாட்டு முட்செடி. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நாங்கள் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டில் ஏற்கெனவே லெவலர் ரகச் செடிகள் இரண்டு நின்றன. 1851 முதல் இருக்கும் பழைய ரகம். நன்றாகப் பழுத்த பிறகு பறித்தால் திராட்சையைத் தேட வேண்டாம்.

ஆனால் சாம்பல் நோய்க்கு லெவலர் சட்டென்று ஆளாகிவிடும். மே மாதம் தளிர் நுனியில் விபூதி பூசியதுபோல் வெள்ளை தெரியும். ஜூனில் அது காய்க்கு ஏறி, பழுப்புக் கம்பளித் துணிபோல் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஜாம் காய்ச்சலாம். நுனி சுருண்டு வளர்ச்சி நின்றுவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

எல்லோரும் முதலில் கை வைப்பது கந்தகத்தில்தான். பல செடிகளுக்கு நல்ல மருந்து, மறுப்பதற்கில்லை. லெவலருக்கு ஆகாது. கேர்லெஸ் போன்ற வேறு சில பழைய ரகங்களுக்கும் ஆகாது. இது தெரியாமல் முதல் வருடம் அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, பாதி இலை உதிர்ந்துபோனது. கந்தகம் ஒத்துக்கொள்ளும் ரகமாகவே இருந்தாலும் ஒரு தடவையோடு முடியாது. புதுத் தளிர் வரவர, மழை கழுவக்கழுவ, திரும்பத்திரும்ப அடிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அதுவே பெரும்பாடு.

அதனால் கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டுவதற்கு, மாறினேன். நான்கு வருடமாக அதுதான். இந்த நோயைத் தரும் பூசணம் குளிர்காலத்தைக் கழிப்பது பெரும்பாலும் கிளை நுனியிலும் மொட்டிலும். ஜனவரியில் நுனியை வெட்டி எடுத்தாலே அடுத்த வருட நோயில் பெரும்பங்கு அதோடு போய்விடுகிறது. வெட்டியதைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும். அடுத்து நடுவைத் திறக்க வேண்டும். உள்நோக்கி வளரும் கிளைகளை எடுத்து, செடியைக் கிண்ணம்போல் ஆக்கி, பக்கக்கிளைகளை இரண்டு மூன்று மொட்டு விட்டு வெட்டுகிறேன். மற்ற பல பூசணங்களைப்போல இதற்கு இலை நனைய வேண்டியதில்லை. காற்றோடாத அடர்ந்த செடியும் காய்ந்த வேரும் இருந்தாலே போதும். எனக்கு ஒரு சோதனை உண்டு: சட்டைக் கையை மடித்துவிட்டுச் செடி நடுவில் கையை விட்டால் முள் கீறாமல் வெளியே வர வேண்டும். கீறினால் இன்னும் ஒரு கிளை போக வேண்டும்.

ஜூன் கடைசியில் பக்கக்கிளைகளை ஐந்து இலைக்குக் குறைக்கிறேன். வெள்ளை கண்ட நுனிகளும் அதோடு போய்விடும். கோழி எருவை நிறுத்திவிட்டேன். தழைச்சத்து கூடினால் தளிர் கொழுகொழுவென்று வரும், நோய்க்கு அதுதான் விருந்து. அடியில் மண்ணை மூடி ஈரம் காக்கும் மூடாக்கு, வெயில் நாளில் வேருக்குத் தண்ணீர். மொத்தத்தில் ஒரு செடிக்கு வருடத்தில் இரண்டு அமர்வு. நோய் அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், போன ஜூனில்கூட ஏழெட்டு நுனிகளில் வெள்ளை இருந்தது. காய்கள் சுத்தமாக வந்தன.

மூன்றாவது வழி, செடியையே மாற்றுவது. இன்விக்டா சாம்பல் நோயைத் தாங்கும் ரகம், அள்ளிக் காய்க்கும். முள்ளும் கொடுமையான முள். இரண்டு வருடம் முன்பு ஒன்று நட்டேன். இதுவரை ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. இரண்டு வருடத்தை வைத்து அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சமையலுக்கு அருமையான காய். பறித்து அப்படியே வாயில் போட, என் நாக்குக்கு லெவலர்தான். புதிதாக நடுபவர், அதுவும் ஜாமுக்காக நடுபவர் இன்விக்டாவையே வாங்கட்டும். காய்க்கிற பழைய செடி கையில் இருப்பவர் அதைத் தோண்டி எறியும் முன் இரண்டு ஜனவரி கத்தரி பிடித்துப் பார்க்கட்டும். எங்கள் லெவலர் இரண்டும் அதே மூலையில்தான் நிற்கின்றன.