கடலோர ரிசார்ட்டில் கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடலைப் பார்த்த கண்ணாடி ஹால் என்று காட்டி முன்பணம் வாங்கினார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு எங்களைச் சன்னலே இல்லாத ஓர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் பதிவான ஒரு பெரிய திருமணத்துக்கு அந்த ஹால் போய்விட்டது. பல மாதம் உழைத்து ஏற்பாடு செய்த கூட்டம் அது. இன்னொரு குழுவுக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கேட்டபோது மேலாளர் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். தேவைப்பட்டால் அதே கொள்ளளவு உள்ள வேறு இடத்துக்கு மாற்றும் உரிமை விடுதிக்கு உண்டாம். நாங்கள் பேசி முடித்த வரைவில் அந்த வரி கிடையாது. கையெழுத்துக்கு வந்த பிரதியின் பின்பக்கங்களில் சேர்ந்திருக்கிறது. சேர்த்ததை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். கடைசிப் பிரதி வந்ததும் பழைய வரைவோடு கணினியிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வரி மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

‘அதே கொள்ளளவு’ என்பதிலும் ஒரு சூது இருக்கிறது. எந்த ஹாலுக்கும் விடுதிகள் விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் தியேட்டர் முறைக் கணக்கு, அதாவது மேசையே இல்லாமல் நாற்காலியை மட்டும் நெருக்கி வரிசையாகப் போட்டால் எத்தனை பேர் உட்காரலாம் என்பது. எழுதுவதற்கு மேசை வைத்து வகுப்பறை போல அமைத்தால் அதே அறையில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் அடங்குவார்கள். எங்களுடையது வட்டமேசைக் குழு விவாதம். புது அறையில் மேசைகளைப் போட்டதும் நடக்க வழியில்லை, பாதிப் பேருக்குத் திரை தெரியவில்லை. காகிதத்தில் மட்டும் கொள்ளளவு சரியாக இருந்தது.

அன்று மாலை மணலில் விருந்து. பௌர்ணமி நாளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே விற்பனைப் பிரிவுதான், நிலவொளியில் அழகாக இருக்கும் என்றார்கள். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டித்தான் கடல் மற்ற நாட்களைவிட மேலே ஏறும். அதுவும் ஒரே கரையில் இந்தப் பெரிய ஏற்றம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். அப்படியென்றால் அங்கே வேலை செய்பவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். தெரிந்தும் சொல்லவில்லை. பரிமாறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முன்வரிசை மேசைக்கால்களைத் தண்ணீர் தொட்டுவிட்டது. வயதானவர்களைக் கைபிடித்து மேட்டுக்கு அழைத்துப் போக வேண்டியதாயிற்று. எனக்கு மிகவும் கோபம் வந்தது அங்கேதான். பெரும்பாலான கரைகளுக்கு, கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணை வெளியாகிறது, நாள் குறிக்கும் முன் அதைப் பாருங்கள். இன்று ஏற்றம் வரும் நேரம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும், ஒரு நாள் மாற்றினாலும் கணக்கு மாறும். மழைக்கும் காற்றுக்கும் மாற்று இடம் எது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடற்காற்றில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாவிட்டால் பேச்சு ஒன்றும் கேட்காது.

அப்புறம் பில். குழுவுக்கென்று ஒதுக்கிய அறைகளில் 80 அல்லது 90 சதவீதமாவது நிரம்பாவிட்டால் குறைகிறதற்கும் பணம் கட்ட வேண்டும் என்று விடுதிகள் நிபந்தனை போடுவது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் நாங்கள் திருப்பிக் கொடுத்த அறைகளில் அந்தத் திருமண வீட்டாரே தங்கியிருந்தார்கள். காலையில் லிப்டில் அவர்களோடுதான் இறங்கினோம். ஒரே அறைக்கு அவர்களிடமும் வாங்கி எங்களிடமும் வாங்கியிருக்கிறார்கள். மறுபடி விற்ற அறைக்குக் கட்டணம் கழிக்கப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான விடுதி மறுக்காது.

இன்னொன்று. விற்பனைப் பிரிவில் பேசுபவர் நிகழ்ச்சி அன்று அங்கே இருக்க மாட்டார். வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பது ஒரு நிகழ்ச்சித் தாள் மட்டும். ஹால் பெயர், மேசை அமைப்பு, நேரம், மாற்று இடம் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அந்தத் தாளில் இல்லையென்றால் அன்று நடக்காது.

நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு அறைக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஹாலை மாற்றியதற்கு இன்றுவரை ஒரு பைசா குறைக்கவில்லை. வரைவு, கடைசிப் பிரதி, அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாராகக் கொடுத்திருக்கிறோம்.